நொடிக்கு அறுபது

மௌலீஸ்வரனின் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி.
உள்ளே மூன்று விசிறி, ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறும்.
மூன்று வருசமாகத் துண்டு துண்டாய்ச் சேர்த்தது:
மதர்போர்டு ஒரு தீபாவளிக்கு,
ராம் அடுத்த தீபாவளிக்கு,
கிராபிக்ஸ் கார்டு காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்ட்,
"காயின் தோண்டித் தோண்டி ஓடாப் போனதுங்" என்று
கடைக்காரரே சொல்லி ஆறாயிரம் குறைத்தது.
பகலில் அதில்தான் எம்பிராய்டரிக்கு டிசைன் போடுகிறான்,
பனியன்மேல் வாத்து, யானை,
யாரோ ஊர்க் கால்பந்து கிளப்பின் கழுகு.

என்னுடையது வெள்ளைப் பெட்டி. ஒரே போனஸ்.
பிரித்தேன், சொருகினேன், ஆடினேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
இன்றுவரை கேட்டதில்லை.

அனுப்பர்பாளையம் லைன் வீட்டில்
எங்கள் இருவருக்கும் சுவர் ஒன்று.
ஒரு ஞாயிறு அவன் சொல்லிவிட்டான்:
"அக்கா, உங்க டப்பாவுல வர்றதெல்லாம் ஒரு கிராபிக்ஸாங்?"

நான் செக்கிங் டேபிள்.
வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் விட்ட இடத்தை
பன்னிரண்டு வருசமாகத் தேடுகிற கண்.
தப்பு காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்
ஒரு பட்டை, டிபன் பையில் கிடந்தது.
டிவியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரே ஆட்டம், ஒரே தெரு, ஒரே மழை.
அவன் தேங்கிய தண்ணீரில் கடைப் பலகை
தலைகீழாக, எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.
என் தண்ணீரில் ஏதோ வெளிச்சம்.
ஒட்டினேன் ஒரு அம்பு.
தூரத்து மரம் நான் கிட்டே போன பிறகுதான் முளைக்கிறது.
ஒட்டினேன்.
வீரனின் முடி, கட்டிங் கழிவு மாதிரி ஒரே கட்டு.
ஒட்டினேன்.
எனக்குப் பதினொன்று, அவனுக்கு நான்கு.
அதிலும் ஒன்று, கம்பிக்குள் நுழைந்து வரும் கை,
இரண்டு திரையிலும் இருந்தது.
அது துணியிலேயே வந்த தப்பு,
தைத்தவன் கணக்கில் எழுத முடியாது.

அவன் சிரிப்பு அடங்குவதற்குள்
சந்தைக்குத் திரும்பும் முக்கு வந்தது.
அவன் திரை நின்றது.
தூக்கிய கால் தூக்கியபடி,
மழை அந்தரத்தில்.
மூலையில் நூற்று முப்பத்தெட்டு என்று ஓடிய எண்
இருபத்திரண்டு.
அரை மூச்சு. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடினான்.
என் ஆள் மங்கலாய், கட்டு முடியோடு,
அறுபது, அறுபது என்று போய்க்கொண்டே இருந்தான்.

விரல் நுனியில் அம்போடு நின்றேன்.
எங்கே ஒட்டுவது?
தப்பு வந்த இடத்தில் இப்போது படம் முழுசாக இருக்கிறது.
துணியில் விட்ட தையல் கப்பல் ஏறும்வரை அங்கேயே கிடக்கும்.
இது நொடியில் விட்ட தையல்.

"ஷேடருங் அக்கா. முதல் தடவை மட்டுந்தான்,
அடுத்த தடவை வராதுங்."
எங்கள் லைனிலும் எல்லா டெய்லரும்
முதல் பீஸுக்குச் சொல்வது.

"பாஸா, ரிஜெக்டா, சொல்லுங்" என்றான்.
அதற்குள் கதவைத் தட்டினார் வீட்டுக்காரர் செங்கோட்டையப்பன்:
"உள்ள என்னங் தறியா ஓட்டறீங்க? மீட்டரு பறக்குதுங்!"
நானூறு வாட் இழுப்பது யார் பெட்டி என்று
நாங்கள் இருவருமே சொல்லவில்லை.
டிவியைத் தூக்கக் குனிந்தபோது பார்த்தேன்,
அவன் விசிறியிலும் என் பெட்டியின் பின்கண்ணிலும்
அந்த வாரம் ஓடிய கருநீல லாட்டின் பஞ்சு.

பத்து அம்பைப் பிய்த்துவிட்டேன்.
மேல் மூலையில் ஒன்று வரவில்லை,
நகத்தால் சுரண்டினால் திரை கீறும்.
இப்போது வேறு ஆட்டம், பனி பெய்கிற மலை.
ராத்திரி ஷிப்ட் விட்டு வந்து ஆடும்போது
அந்த அம்பு வெள்ளை ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.
அம்பு இருந்தால் கண் சும்மா இருக்காது.
குதிரையை நிறுத்திவிட்டு
வெள்ளையில் வெள்ளையாய் எது விட்டுப்போனது என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.